தொய்யாத தளம்

தளம் தொய்ந்திருக்க வேண்டும், தொய்யவில்லை.

கூடத்து உட்கூரைப் பலகைகளில் பாதியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, சாரத்தின்மேல் நின்று கைவிளக்கை உயர்த்திப் பிடித்திருந்தார் தச்சர் ரசமட்டம். தலைக்குமேல், மாடியறைத் தரையைத் தாங்கும் விட்டங்கள் இச்சுவரிலிருந்து அச்சுவருக்கு அணிவகுத்து ஓடின. ஒன்றரைச் சாண் உயரம். வைரம் பாய்ந்த பழைய மரம். அறுத்தவனுக்கும் இழைத்தவனுக்கும் தொழில் தெரிந்திருந்தது. அத்தகைய மரத்தின் நடுவயிற்றில், அதுவும் அடிப்பக்கத்திலிருந்து, எவனோ வெட்டுவாய் திறந்திருந்தான். ஒன்றில் மட்டுமன்று; அடுத்தடுத்த விட்டங்களில், ஒரே நேர்கோட்டில். மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு போயிருந்தது. எஞ்சி நின்றது ஆறு விரற்கடை.

விட்டம் பாரம் சுமக்கையில் அதன் மேல்நார் நசுங்கும், அடிநார் இழுபடும். அந்த அடிநாரை நட்டநடுவில் அறுப்பது, மூட்டை தூக்குபவனின் குதிகால் நரம்பை அறுத்துவிட்டு அவன் தலையில் மூட்டையை ஏற்றுவதற்கு ஒப்பு. குழாய் போக வழி வேண்டுமென்றால் சுவரை ஒட்டி, மேற்பக்கத்தில், ஆறிலொரு பங்குக்கு மிகாமல் வெட்ட வேண்டும் என்பது மரத்தைத் தொட்டவன் எவனும் அறிந்த அரிச்சுவடி. இந்த விட்டங்கள் என்றோ முறிந்திருக்க வேண்டும். முறியாவிட்டாலும் ஊஞ்சற்கயிறு போலத் தொங்கியிருக்க வேண்டும். ஆனால் காலையில் மாடியறையின் எந்த மூலையில் மட்டப்பலகையை வைத்தாலும், குமிழி இரு கோடுகளுக்கும் இடையே சிமிட்டாத கண்ணைப்போல நின்று அவரையே பார்த்தது.

நூலிழைக் கோணலும் பொறுக்காத குணத்தால் உறவினர் அந்த மட்டக்கருவியின் பெயரையே அவருக்கு இட்டார்கள்: ரசமட்டம். முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்லாமல் இருக்கமாட்டார்கள். அவர் அதை வசையாகக் கொண்டதில்லை. கோணல்கள் கூடிக் குடித்தனம் செய்யும் உலகில் நேர்கோடு நகைப்புக்குரியதாவது இயல்புதானே.

"என்ன மாப்ள, அண்ணாந்தே நிக்கிற? சாமி ஏதாவது தெரியுதா?"

கீழே சாய்வுநாற்காலியில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தார் அக்காவின் கணவர். வாயளவில் 'மாமா' என்றும், மனத்தளவில் வேறு பல சொற்களாலும் ரசமட்டம் அழைக்கும் மனிதர். அமுக்கிய மரத்தூளுக்கு மேல் மினுங்கும் தாள் ஒட்டி, அதை மரச்சாமான் என்று விற்றே ஆயுளில் பெரும்பகுதியைக் கழித்தவர்.

"உங்க புத்தி தெரியுது மாமா. ஓட்டை ஓட்டையா."

"ஓட்டை இருந்தாத்தான் காத்து வரும்." மாமா தம் நகைச்சுவைக்குத் தாமே குலுங்கிச் சிரித்தார். நாற்காலி கிறீச்சிட்டது. அதுவும் அவர் கடைச் சரக்கு.

இடுப்பெலும்பு முறிந்த மனைவியை, கீழே காற்றோட்டமான அறை ஒன்று சும்மா கிடக்க, மாடியில் ஏற்றிப் படுக்க வைத்த மதி இவருடையது. இப்போது அவள் காலில் கயிறு கட்டி, கட்டிலின் காற்புறத்தில் எடைக்கல் தொங்குகிறது. எலும்பு கூடும்வரை அசைக்கவே கூடாது என்பது மருத்துவரின் கண்டிப்பு. அவளுக்கென்று மாடியிலேயே குளியலறை கட்டத் தொடங்கியதில்தான் இந்த வெட்டுவாய்கள் வெளிப்பட்டன. தளம் இறங்கினால் கட்டிலோடும் கல்லோடும் அக்கா இறங்குவாள். மாமாவின் வீடு இடிந்தால் ரசமட்டத்துக்கு ஒன்றுமில்லை. ஆனால் தாய் போனபின் அவருக்குச் சோறு பிசைந்து ஊட்டிய கை மேலே கிடக்கிறது.

குழாய்க்காரர் வாசலில் வந்து நின்றார். சட்டைப் பொத்தான்களையே சரியான துளைகளில் மாட்டத் தெரியாத ஆள்.

"யாருய்யா இதை வெட்டினது?"

"நான் இல்ல சார்."

"நீ இல்லன்னா கறையானா? கறையான் நூல் பிடிச்சு வெட்டுமா?"

"பலகையைக் கழட்டும்போதே பள்ளம் இருந்துச்சு சார். நமக்குன்னே வெட்டி வெச்ச மாதிரி. சரி, வேலை மிச்சம்னு குழாயை உள்ள விட்டேன். ஆனா நிக்கல."

"என்ன நிக்கல?"

"குழாய்தான். காலையில வந்து பார்த்தா வெளிய தள்ளிக் கிடக்கும். மறுபடியும் கிளிப் போட்டு இறுக்கினேன். கிளிப்போட சேர்ந்து கீழ கிடந்துச்சு."

"இறுக்கத் தெரியாதவன் சொல்ற கதை."

"இருக்கட்டும் சார். கையை உள்ள விட்டுப் பாருங்க, வெதுவெதுன்னு இருக்கும்."

"வெந்நீர்க் குழாய் வேற எப்படி இருக்கும்?"

"இன்னும் தண்ணியே திறக்கலையே சார்."

மாமா மறுபடியும் சிரித்தார். யாரைப் பார்த்துச் சிரித்தார் என்பது விளங்கவில்லை. ரசமட்டம் குழாய்க்காரரை உட்கூரைப் பலகைகளுக்கு ஆணி வாங்கிவரச் சொல்லி வெளியே அனுப்பினார். அவர் தலை மறைந்தபின், ஒருவரும் பார்க்காதபோது, கையை வெட்டுவாய்க்குள் நுழைத்தார்.

வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

அதைவிட விரல்களுக்கு எட்டிய வேறொன்று அவரை நிறுத்தியது. ரம்பத்தின் பல்வரி இல்லை. உளியின் கொத்து இல்லை. உட்புறம் வளைந்து, வழுவழுத்து, கறுத்து, தலைமுறைகளாகக் கைமாறிய இழைப்புளியின் பிடியைப்போல மின்னியது. இரும்பு மரத்தைக் கீறும், நீர் ஊறவைக்கும், பூச்சி அரிக்கும். மரத்துக்கு இந்த மெருகை ஏற்றுவது ஒன்றே ஒன்றுதான். தோல். வியர்த்த தோல், நெடுங்காலம் அழுந்தி, நெடுங்காலம் உரசி. விரலை முகர்ந்தார். பிடரியின் உப்பு மணம்.

'எலி,' என்று எண்ணிக்கொண்டார். அச்சத்துக்கு அவரிடம் இருந்த ஒரே மருந்து யாரையாவது இகழ்வது. அகப்பட்டது எலி.

மாடிக்குப் போனபோது அக்கா விழித்திருந்தாள். சன்னலுக்கு வெளியே மழை கட்டி நின்றது. உச்சிப்பொழுது கழிந்த சிறிது நேரத்திலேயே அறை அந்திபோல் மங்கியிருந்தது.

"என்னடா தட்டிக்கிட்டே இருக்க? உன் மாமா மண்டையிலயா தட்டுற?"

"அதுல தட்டினா சத்தம் வராதுக்கா. உள்ள பஞ்சு."

"சிரிக்க வைக்காத, இடுப்பு வலிக்குது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்றேன், கேலி பண்ணக் கூடாது. கட்டிலுக்குக் கீழ யாரோ மூச்சு விடுற மாதிரி இருக்குடா. தூங்குறவங்க மூச்சு இல்ல. கனமான சாமானைத் தூக்கிட்டு நிக்கிறவங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு விடுவாங்களே, அது."

"வலி மாத்திரைக்கா. மாத்திரை பேசும்."

"நான் புரண்டா நின்னுடுது. நான் அடங்கினா மறுபடியும் வருது."

"குழாயில காத்து."

"காத்தோ கழுதையோ. எனக்கு பயமே வரலடா, அதுதான் ஆச்சரியம். யாரோ என்னைக் கீழ விழாம பிடிச்சிட்டிருக்கிற மாதிரி... உனக்குப் புரியாது. நீ எதையும் அளந்து பார்க்கிற ஆளு." அவள் அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். "அதைப் போய் ஏண்டா தொந்தரவு பண்ற?"

இந்தப் பெண் கள்ளங்கபடமற்றவள். ஆகவே எதையும் நம்புவாள். நம்பித்தானே இந்த மாமாவையும் மணந்தாள். கட்டிலின் கால்களை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு இறங்கினார்.

வேலையின் முறை இதுதான். வெட்டுப்பட்ட விட்டங்களுக்கு அடியில் குறுக்காக ஒரு கட்டையைக் கொடுத்து, இரும்பு முட்டுகளின்மேல் ஜாக்கி வைத்து, தளத்தை மயிரிழை மயிரிழையாக உயர்த்திப் பாரத்தை முட்டுக்கு மாற்ற வேண்டும். பின்பு வெட்டுவாய்களை அடைத்து, ஒவ்வொரு பழைய விட்டத்துக்கும் இருபுறமும் புதுவிட்டங்களைச் சுவர் முதல் சுவர் வரை கூட்டாளியாகச் சேர்த்து, பசை தடவிப் போல்ட்டால் இறுக்க வேண்டும். அதன்பின் முட்டுகளை இறக்கினால் புதுமரம் பாரத்தை ஏற்கும்.

ஜாக்கியின் கைப்பிடியை அழுத்தினார். பாரம் ஏறிய ஜாக்கி கையோடு பேசும். உள்ளங்கை வழியே தோளுக்கு ஒரு விறைப்பு ஏறும். இது பேசவில்லை. நீருக்குள் கைவீசியதுபோல இறங்கி எழுந்தது. அண்ணாந்து பார்த்தார். குறுக்குக்கட்டைக்கும் விட்டத்துக்கும் இடையே நகக்கனத்தில் வெளிச்சம். மறுபடியும் அழுத்தினார், இடைவெளி மூடியது. அவர் கையை எடுத்தார், இடைவெளி திறந்தது. கட்டை எவ்வளவு ஏறியதோ அவ்வளவு தளமும் ஏறி, வருகிறவருக்கு வழிவிடும் மரியாதையோடு ஒதுங்கி நின்றது.

"தம்பி! மெதுவாடா! ஒரேயடியா தூக்குறியே!" மேலிருந்து அக்காவின் குரல்.

"நான் இன்னும் தூக்கவே இல்லக்கா!"



எந்த வேலையிலும் அவர் முதலில் தேடுவது பாரத்தின் வழியை. தளம் விட்டத்துக்கும், விட்டம் சுவருக்கும், சுவர் மண்ணுக்கும் பாரத்தைக் கைமாற்றும். அந்த வழியை விரலால் தொட்டுத் தொட்டு இறங்கி, ஒவ்வொரு இடத்திலும் இப்போது சுமப்பது யார் என்று உறுதி செய்துகொண்ட பின்னரே ஆணியைத் தொடுவார். கூடவேலை செய்பவர்கள் அதைக் கிண்டல் செய்வார்கள். இங்கே வழியே இல்லை. அறுந்த விட்டங்கள் சுமக்கவில்லை; ஜாக்கி சுமக்கவில்லை; பாரம் அந்தரத்தில் நின்றது. இறங்கி, மிச்சப் பலகைகளையும் கழற்றி, இருண்டு கிடந்த மறுபாதிக்குள் விளக்கைச் செலுத்தித் தேடியிருக்க வேண்டும்.

"என்ன மாப்ள, மெஷின் வேலை செய்யலையா? மட்டமான சரக்கு வாங்கிட்டியா?" என்றார் மாமா நாற்காலியிலிருந்து.

மரத்தூள் விற்ற வாய் தம் கருவியைப் பழிப்பதா? ரசமட்டத்தின் செவிமடல் சிவந்தது. "நல்லாத்தான் வேலை செய்யுது மாமா," என்று சொல்லி, தேடலைக் கைவிட்டு, அடைப்புக்கட்டைகளை அளக்கத் தொடங்கினார்.

வெட்டுவாய் எதுவும் சதுரமாக இல்லை. அட்டையை நறுக்கி ஒவ்வொன்றின் வளைவையும் எடுத்து, அந்த வார்ப்புக்குத் தக மரத்தைச் செதுக்க வேண்டியிருந்தது. வேலை மும்முரத்தில் மனம் தெளிந்தது. மழை தொடங்கி ஓட்டின்மேல் இரைந்தது, மின்சாரம் போயிற்று, இரண்டு கைவிளக்குகளை ஆணியில் தொங்கவிட்டுக்கொண்டார். செதுக்கிய கட்டைகளை விட்டங்களின் வரிசைப்படி, விட்டங்களின் அதே இடைவெளியில், தரையில் கிடத்தினார். தண்ணீர் குடிக்கச் சுவரருகே போனார். திரும்பினார்.

தரையில் ஒருவன் குப்புறக் கிடந்தான்.

செம்பு பல்லில் இடித்தது. கட்டைகள்தாம். வெறும் கட்டைகள். முதலாவது, கவிழ்ந்த ஒரு தலையளவு உருண்டை. அடுத்தது அகன்று இருபுறமும் சரிந்தது. அதற்கடுத்தது ஒடுங்கியது. அதன்பின் ஒன்றையொன்று ஒட்டிய இரண்டு மேடு. கடைசியில், குதிகால் அகலத்தில், சிறிய இணை. இடைவெளிகளைக் கண் தானாகவே நிரப்பிக்கொண்டது. முதுகு மேல்நோக்கி, முகம் மண்நோக்கி, ஓர் ஆள் நீளம்.

காலால் அவற்றை எத்திக் கலைத்தார். எலிக்குப் பதில் இம்முறை தம் கண்களையே இகழ்ந்தார், வயதாகிறது, வெளிச்சம் போதாது. எனினும் கலைந்த கட்டைகளைப் பொறுக்கக் குனிந்தபோது, உருண்டையானதைத் தொட விரல்கள் உடன்படவில்லை. அதைக் கடைசிக்கு வைத்தார்.

குதிகால் கட்டையிலிருந்து தொடங்கினார். பசை தடவிச் செருகி, கொட்டாப்புளியால் தட்டி, இருபுறமும் புதுவிட்டங்களைச் சேர்த்து, துளையிட்டு, போல்ட்டை மாட்டி, வாஷர் மரத்தில் பதியும்வரை முறுக்கினார். ஒவ்வொன்றை அடைக்கும்போதும் வெட்டுவாயின் வெதுவெதுப்பு அடுத்ததற்கு நகர்ந்தது. தொடை. இடை. தோள். ஒவ்வொரு படியிலும் அந்த உப்பு மணம் அடர்ந்தது. மழையின் இரைச்சலுக்குள் இன்னோர் ஒலி ஊடாடியது: மூக்கால் இழுத்து, பற்களின் இடையே விட்டு, நிறுத்தி, மறுபடியும் இழுத்து. அவருடைய மூச்சுத்தான் என்று முடிவு செய்தார். சோதிக்கத் தம் மூச்சை அடக்கினார்.

ஒலி நிற்கவில்லை.

கடைசிக் கட்டை உள்ளே போக மறுத்தது. அளவு சரி, வளைவு சரி, தட்டினால் பாதி நுழைந்து, பஞ்சுப்பொதியில் மோதியதுபோல மெத்தெனப் பின்வாங்கியது. ஓங்கித் தட்டினார். பின்வாங்கியது. மீண்டும் ஓங்கினார். எதிர்ப்பில் பிடிவாதம் இருந்தது. வெறும் மரத்துக்கு இல்லாத பிடிவாதம். நாள் முழுதும் அடக்கிய அச்சம் அவருக்குள் திரண்டு, வழக்கம்போல, ஏளனமாக வெளிவந்தது.

"எவனா இருந்தாலும் சரி," என்றார் வெட்டுவாயை நோக்கி, பல்லிடுக்கில். "நீ தாங்கினது போதும். லட்சணத்தைத்தான் பார்த்தேனே. இனிமே இதை நான் பார்த்துக்கறேன். நீ இறங்கு."

மூச்சொலி நின்றது.

கட்டை வெண்ணெயில் கத்திபோல உள்ளே வழுக்கிப் பொருந்தியது.

பின்பு, கழற்றாத உட்கூரைப் பகுதியின் இருளுக்குள்ளிருந்து, நெடிய பெருமூச்சு ஒன்று புறப்பட்டு அவர் முகத்தில் வெப்பமாக மோதியது. அதையடுத்துக் கணுக்கணுவாக நெட்டி முறியும் ஓசை. முதுகெலும்பின் அடியிலிருந்து பிடரிவரை, அவசரமின்றி. பலகைகள் ஒவ்வொன்றாக அடிப்பக்கம் பிதுங்கின. இது. அடுத்தது. அதற்கடுத்தது. மாடிப்படிப் பக்கமாக ஏதோ ஊர்ந்து போயிற்று. படிகளில் வெறுங்காலடி. வாசற்கதவு திறந்து, மழையின் இரைச்சல் பெருகி, மறுபடியும் சாத்தியது.

முன்பே வாசலறைக்கு நாற்காலியை மாற்றிப் போட்டு உட்கார்ந்திருந்த மாமா அங்கிருந்து கத்தினார். "யாரு மாப்ள அந்த ஆளு? உன்கூட வந்தவனா? ஒரு வார்த்தை சொல்லாம போறான்! கோணல் முதுகு வேற, முட்டிவரைக்கும் கவிழ்ந்திருக்கு. போகப் போக நிமிர்றான்!"



அப்போது பாரம் இறங்கியது.

ஜாக்கியின் கழுத்திலிருந்து எண்ணெய் பீச்சியது. இரும்பு முட்டு நாணல்போல வளைந்து, துள்ளிச் சுவரில் அறைந்தது. தாங்க வேண்டிய புதுவிட்டங்கள், ஒரு கணுக்கூட இல்லாமல் அவரே தேர்ந்தெடுத்தவை, ஈரத்துணிபோல நடுவில் இறங்கின. ஒரு கட்டிலும் ஒரு பெண்ணும் ஒரு கல்லும் இவ்வளவு கனக்குமா? கனக்காது. அவருக்கு அது தெரியும். ஒரு தளமும் இவ்வளவு கனக்காது. வீட்டின் பழைய பாரம் அத்தனையும், வீடு நின்ற நாள் முதல் ஒருவன்மேல் மட்டும் ஏறி நின்ற பாரம், ஆளைத் தேடி இறங்கியது.

"தம்பி! கட்டில் சாயுதுடா! தம்பி!"

எண்ணவில்லை. குனிந்தார். திரும்பினார். சாரத்தில் கால் ஊன்றி, பிடரியையும் தோளையும் விட்டங்களின் அடியில் கொடுத்து நிமிர்ந்தார்.

தளம் நின்றது.

நின்றது மட்டுமன்று, லேசாயிற்று. சுமக்கக் கூடியதாயிற்று. இரும்புக்கு இணங்காத பாரம் சதைக்கு இணங்கியது. மேலே கட்டில் மெல்ல நேரானதைத் தம் முதுகின் தோலாலேயே உணர்ந்தார். தோளை ஓர் அரிசியளவு தாழ்த்திப் பார்த்தார். மரம் அலறியது, அக்காவும் அலறினாள். உயர்த்தினார். அமைதி.

மழையின் இரைச்சலில் அக்காவின் அலறல் வாசலறையை எட்டியிருக்காது. மாமாவைக் கூப்பிட வேண்டும். அக்காவைத் தூக்கு, கீழே இறக்கு, ஓடு. வாயைத் திறந்தார். மூச்சு உள்ளே வரத்தான் இடம் இருந்தது. சொல்லாக வெளியேற இல்லை. மலையெடுக்கப் புகுந்து இறைவனின் கால்விரல் ஊன்றலில் அதன்கீழ் அகப்பட்ட அரக்கனுக்காவது அலற வாய் இருந்தது; யாழாக மீட்டி அழுது பாடத் தன் நரம்பு இருந்தது. இவருக்குப் பல்லிடுக்கு மட்டும்.

தோளின்கீழ் மரம் நெகிழ்ந்தது. முறியவில்லை. மெழுகுபோல உள்வாங்கியது. அவர் இறுக்கிச் செருகிய அடைப்புக்கட்டைகள் ஒவ்வொன்றாக நழுவித் தரையில் விழுந்தன. டொக். டொக். இடை பொருந்தியது. தொடை பொருந்தியது. கால்கள் சாரத்தை விட்டு உயர்ந்தன. குப்புற, முகம் கீழ்நோக்கி, நீளவாட்டில், விட்டங்களின் ஊடே. கூடத்துத் தரை தொலைவில் தெரிந்தது.

மழை விட்டது. மின்சாரம் வந்தது. மாமாவும், திரும்பி வந்த குழாய்க்காரரும் அவருக்கு நேர்கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். விளக்கொளி அவர் நெற்றியில் ஊர்ந்தது; கண்ணில் விழுந்தது; இமைத்தார்; ஒளி நிற்காமல் தாண்டிப் போயிற்று.

"ஆள் எங்க?" என்றார் மாமா.

"போயிட்டார் போல சார். கட்டை, வளைஞ்ச முட்டு எல்லாம் அப்படி அப்படியே போட்டுட்டு. ஆனா வேலை சுத்தம் சார். பாருங்க, புது மரத்துலகூட என் குழாய்க்குப் பள்ளம் விட்டு வெச்சிருக்கார்."

"வாய்தான் நீளம் அவனுக்கு. கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பான்." மாமா மோவாயைத் தடவினார். "நீ பலகையை அடி. நான் மேல போய் எப்படி இருக்குன்னு பார்க்கிறேன்."

இங்கே. இங்கேதான். மாமா. இங்கே.

முதற்பலகை காற்புறத்தை மூடியது. ஆணி. அடுத்த பலகை. ஆணி. தலைக்குமேல் மாமாவின் காலடிகள் அறைக்குள் நுழைந்து, ஒவ்வொன்றாக, அவர் முதுகின்மேல் நடந்தன.

"கட்டில் சாஞ்சு, தானா நேராயிடுச்சுங்க. தம்பி எங்கங்க?"

"உன் தம்பி சொல்லாம ஓடிட்டான். ஆனா தரையைப் பாரு, பாறை! இங்க பாரு!"

மாமா எம்பிக் குதித்தார்.

எலும்பு அதிர்ந்தது. அவர் விடவில்லை. அந்த அதிர்ச்சி கட்டிலின் காலை எட்டும் முன்னரே முதுகை வளைத்து அதை விழுங்கினார். தொங்கும் எடைக்கல் ஆடவில்லை.

"ஐயோ, போதும்! குழந்தை மாதிரி!" அக்கா சிரித்தாள். விழுந்த நாளிலிருந்து வலியில்லாமல் அவள் சிரித்த முதற்சிரிப்பு.

அதைக் கேட்டு உற்சாகமாகி, மாமா மறுபடியும் குதித்தார். மறுபடியும். ஒவ்வொரு குதிப்புக்கும் ரசமட்டம் மூக்கால் இழுத்து, பல்லிடுக்கில் விட்டு, தளத்தை மட்டத்தில் பிடித்து நின்றார்.

கடைசிப் பலகை முகத்தை நோக்கி ஏறியது. வெளிச்சம் கோடாயிற்று, நூலாயிற்று, அற்றது. இருட்டில், கன்னத்தை ஒட்டி, புதுமரம் இன்னும் சற்றுக் குழிந்து அவருக்கு இடம் கொடுத்தது.